நிலா எப்படி உதவியாளர் ஆனாள்?

தமிழில் அறிவியல் புனைகதை என்று பேச்செடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு முதலில் நினைவு வருவது ஒரு நாய்க்குட்டி. பெயர் ஜீனோ. எண்பதுகளில் சுஜாதா ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் வருகிற இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும், நக்கலடிக்கும், சமயத்தில் தத்துவமும் சொல்லும். அதன் பெயரைத் தலைப்பில் தாங்கி ‘மீண்டும் ஜீனோ’ என்று இரண்டாம் நாவலும் வந்தது. முதல் நாவல் தூர்தர்ஷனில் தொடராயிற்று. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்துக்கும் 2018இல் வந்த ‘2.0’ படத்துக்கும் இந்த நாவல்களே ஊற்று என்று இன்றுவரை பேசப்படுகிறது. ‘எந்திரன்’ வசனத்தில் சுஜாதாவின் பெயரும் இருக்கிறது. படம் வெளியாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2008 பிப்ரவரியில், அவர் இறந்துவிட்டார்.

குழந்தைகள் நாவல் என்று அட்டையில் போட்டு யாரும் இதை அச்சிடவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கிளை நூலகத்துக்குப் போய்த் தானாக ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் இதைத்தான் எடுக்கிறார்கள். நாய் இழுத்துவிடுகிறது. ஆகவே நம் பிள்ளைகளின் அறிவியல் புனைகதை எது என்று கேட்டால், இதுதான். எதிர்காலம் எப்படி இருக்கும், அதில் யார் யோசிப்பார்கள், யார் கேட்டுக்கொள்வார்கள் என்பதை இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் இதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வகுப்பில் இந்த நாவலைப் படித்தவர்கள் யார் என்று கேட்பது என் வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் சில கைகள் உயரும். கதையில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்பேன். ஜீனோ என்பார்கள். ஜீவா என்பார்கள். கொஞ்சம் யோசித்து ரவி என்பார்கள். கதை யாருடைய வீட்டில் தொடங்குகிறது, யார் கண் வழியாக நகர்கிறது, கடைசியில் யார் அரியணையில் உட்கார்த்தப்படுகிறார் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான், “ஆமாம் மேடம், நிலா என்று ஒருத்தி வருவாள்” என்று யாராவது சொல்வார்கள். ஒருத்தி வருவாளாம். நாவலே அவளுடையது.

கதையை ஞாபகப்படுத்திக்கொள்வோம். ஆண்டு 2021. இந்தியாவை ஜீவா என்கிற சர்வாதிகாரி ஆள்கிறார். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவனைத் தேடத் தொடங்குகிற நிலாவுக்கு, அவள் வீட்டுக்குக் குடிவருகிற ரவியும் அவனுடைய நாய் ஜீனோவும் துணையாகிறார்கள். தேடல் அவளை ஜீவாவுக்கு எதிரான சதிக்குள் இழுத்துச் செல்கிறது. ஜீவா என்று ஒருவர் இல்லவே இல்லை, அது வெறும் ஒளிப்படிமம் என்று தெரிகிறது. அதன் பிறகு ரவியும் அவன் கூட்டாளி மனோவும் நிலாவை அரசியாக்குகிறார்கள். ஆள்வது அவர்கள், முகம் அவளுடையது. இரண்டாவது நாவலில் நிலா அந்தப் பொம்மை அரியணையில் இருந்துகொண்டே அவர்களுக்கு எதிராக நிற்கிறாள்.

எண்பதுகளின் வார இதழ் ஒன்றில் இப்படி ஒரு கதை வந்தது சாதாரண விஷயம் இல்லை. கருவுறும் உரிமையை அரசு கையில் வைத்திருக்கிறது. எதிர்த்துப் புரட்சி செய்த ஆண்கள் ஆட்சிக்கு வந்ததும் பெண்ணை முகமூடியாக மாட்டிக்கொள்கிறார்கள். ஊராட்சி மன்றத் தலைவி நாற்காலியில் இருக்க, அவள் கணவர் கூட்டம் நடத்துகிற ஊர்களில் வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு தந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1992இல்தான் வருகிறது. அதற்கும் முன்பே சுஜாதா பொம்மை அரசியை எழுதிவிட்டார். இந்த அளவுக்கு அவருக்கு உரிய பாராட்டைத் தந்துவிடுவோம்.

தந்துவிட்டு, அடுத்த கேள்விக்கு வருவோம். நிலா எதைக் கொண்டு போராடுகிறாள்? அவளிடம் என்ன திறமை இருக்கிறது? அவளுக்கு வரலாறு தெரியாது, அரசியல் தெரியாது, இயந்திரம் தெரியாது. எல்லாம் ஜீனோவுக்குத் தெரியும். திட்டம் ஜீனோவுடையது. நகைச்சுவை ஜீனோவுடையது. தன் இருப்பைப் பற்றிய சந்தேகமும்கூட ஜீனோவுக்குத்தான் வாய்க்கிறது. நிலாவுக்கு வாய்ப்பது ஆச்சரியம், பயம், கண்ணீர், அழகு. இரும்பில் செய்த நாய்க்கு ஒரு மனம் கொடுத்த எழுத்தாளர், சதையும் ரத்தமுமாக இருக்கிற பெண்ணுக்கு ஒரு முகம் மட்டும் கொடுத்திருக்கிறார். ஆட்சியைப் பிடித்த ரவியும் மனோவும் நிலாவுக்குச் செய்ததும் அதுதான். கதைக்குள் எந்த அநியாயத்தை நாவல் கண்டிக்கிறதோ, அதையே கதை சொல்லும் முறையில் தானும் செய்கிறது. என் மாணவிகளுக்கு நிலா நினைவில் நிற்காததற்கு அவர்களுடைய மறதி காரணம் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள அவளுக்குள் ஒன்றையும் வைக்கவில்லை.

சுஜாதா என்பது எழுத்தாளர் ரங்கராஜன் எடுத்துக்கொண்ட மனைவியின் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்பெயர் ஒன்று தமிழ் அறிவியல் எழுத்தின் அடையாளமாக நிற்கிறது. அதற்குப் பின்னால் எழுதுகிற கை ஆணுடையது. இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பெயர் பெண்ணுடையதாகவும் பேச்சு வேறொருவருடையதாகவும் இருக்கிற ஏற்பாடு நமக்கு எவ்வளவு பழகிப்போயிருக்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

நாவலிலிருந்து திரைக்கு வரும்போது என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

‘எந்திரன்’ படத்தில் நாய் மனிதனாகிவிட்டது. சிட்டி. செய்தவர் வசீகரன். இருவரும் ஒரே நடிகர். நாவலில் கதையை நடத்திச் சென்ற பெண், படத்தில் வசீகரனின் காதலி சனா. சனா மருத்துவ மாணவி. சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்லவில்லை, இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவ மாணவியான சனா தேர்வில் எப்படித் தேறுகிறாள்? சிட்டி விடைகளைச் சொல்லிக்கொடுத்துத் தேறுகிறாள். அவள் அக்காவுக்குப் பிரசவம் சிக்கலாகும்போது குழந்தையை வெளியே எடுப்பது யார்? சிட்டி. மருத்துவம் படிக்கிற தங்கை அங்கே இருந்து பார்த்துவிட்டு, நன்றியாக முத்தம் தருகிறாள். அந்த முத்தத்திலிருந்து இயந்திரத்துக்குக் காதல் பிறக்கிறது.

பிரசவம் பார்ப்பது நம் ஊரில் பெண்களின் அறிவு. மருத்துவச்சி என்ற சொல் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் ஊர் இது. இந்த ஊரில் எடுத்த படத்தில், ஒரு பெண்ணின் பிரசவ வேதனையும், இன்னொரு பெண்ணின் மருத்துவப் படிப்பும் சேர்ந்து ஓர் ஆண் இயந்திரம் காதலில் விழுவதற்கான மேடையாகிவிட்டன. அரங்கத்தில் கைதட்டினோம்.

அதற்கு முன்னால் வருகிற காட்சி இன்னும் கொடியது. அடுக்குமாடிக் கட்டடத்தில் தீ. சிட்டி உள்ளே போய் ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, ஆடையில்லாமல், கூட்டத்துக்கும் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் வெட்கம் தாங்காமல் சாலையில் ஓடுகிறாள். வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இந்தச் சாவிலிருந்து படம் கற்றுக்கொள்கிற பாடம் என்ன? இயந்திரத்துக்கு மனித உணர்ச்சி தெரியவில்லை, கற்றுத்தர வேண்டும் என்பது.

கேமராவை இறக்காத மனிதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு துண்டை எடுத்து நீட்டாத கூட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனித உணர்ச்சி உள்ளவர்கள் என்று படம் நம்புகிறவர்கள்தான் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீயிலிருந்து உயிரோடு வந்த பெண், உடம்பைப் பார்த்துவிட்டார்கள் என்பதற்காகச் சாவதைப் படம் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. மானம் போனால் உயிர் போக வேண்டும் என்ற பழைய சட்டத்தை எந்தப் பாத்திரமும் கேள்வி கேட்பதில்லை. இயந்திரத்தின் பயிற்சிக்கு ஒரு பெண்பிணம் தேவைப்பட்டது, கிடைத்தது. கதை நகர்ந்துவிட்டது. கற்றுக்கொண்ட உணர்ச்சியை வைத்து அந்த இயந்திரம் செய்தது என்ன? இன்னொரு பெண்ணை, அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும், மணமேடையிலிருந்து தூக்கிக்கொண்டு போனது. மனித உணர்ச்சி என்று அதற்கு எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று படம் திரும்பிப் பார்த்துக்கொள்ளவே இல்லை.

படத்தின் முடிவில் சிட்டியைக் கழற்றி வைக்கிறார்கள். பிறகு அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வரும்போது, சிந்திக்கத் தொடங்கியதால்தான் தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்று அது சொல்கிறது. அரங்கமே உருகுகிறது. சிந்திக்கத் தொடங்கியதற்காகக் கழற்றி வைக்கப்பட்டவர்கள் என்றால் இந்த ஊரில் முதலில் யார் ஞாபகம் வர வேண்டும்? வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள், கணக்கில் நூறு வாங்கிய பிறகும் மாப்பிள்ளை பார்த்துவிட்டோம் என்று சொல்லப்பட்டவள், இப்படி ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய துயரத்தை எடுத்து ஓர் இயந்திரத்துக்குப் போர்த்தி, அதற்காக நம்மை அழவும் வைத்துவிட்டார்கள்.

எட்டு ஆண்டுகள் கழித்து ‘2.0’ வந்தது. சனா இப்போது திரையிலேயே இல்லை. தொலைபேசியில் நச்சரிக்கிற குரலாக மட்டும் வருகிறாள். வசீகரனின் ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிய பெண் இயந்திரம் இருக்கிறது. அழகிய உடல், பணிவான குரல், கூப்பிட்ட குரலுக்கு வருகிற வேகம். அதன் பெயர் நிலா. நைஸ், இன்டெலிஜென்ட், லவ்லி அசிஸ்டன்ட் என்பதன் முதலெழுத்துகளாம்.

அதே பெயர். நாவலில் நாட்டின் அரசியாக, பொம்மையாக இருந்தாலும் பொம்மையாக இருக்க மறுத்தவளாக, நின்ற மனுஷியின் பெயர். இது சுஜாதாவுக்குச் செய்த அஞ்சலியாக இருந்தாலும் சரி, தற்செயலாக இருந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான். நாவலில் மனுஷிக்கு இயந்திரம் உதவியாளனாக இருந்தது. திரையில் அந்த மனுஷியின் பெயரே உதவியாளர் இயந்திரத்தின் பெயராகிவிட்டது. பெயரில் அறிவு என்ற சொல்லையும் வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள். நல்லவள் என்பதற்கும் அழகானவள் என்பதற்கும் நடுவில், இரண்டு பக்கமும் காவல் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்பதுகளிலிருந்து 2018க்கு வருவதற்குள் எதிர்காலம் இவ்வளவு பின்னால் போய்விட்டது.

இந்தப் படம் வந்தது 2018 நவம்பரில். அடுத்த ஆண்டு ஜூலை 22 அன்று நிலவை நோக்கிக் கிளம்பிய சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் முத்தையா வனிதா, சென்னைப் பெண். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1இன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைப் பெண். உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக்கூட நம் அறிவியல் கற்பனையால் கற்பனை செய்ய முடியவில்லை. எட்டுக்கோடிப் பேருக்குக் கதை சொல்கிற ஒரு துறை, பக்கத்துத் தெருப் பெண்ணைவிடப் பின்தங்கியிருக்கிறது.

“பொழுதுபோக்குப் படத்தில் போய் இதையெல்லாம் தேடலாமா?” என்பார்கள். தேட வேண்டிய இடம் அதுதான். பாடப்புத்தகத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதியிருக்கும். அதைத் தேர்வுக்கு எழுதிவிட்டுப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். பொழுதுபோக்கில் கற்றது உடம்பில் தங்கும். “பிரம்மாண்டப் படம், சந்தைக்கு இப்படித்தான் எடுக்க முடியும்” என்றும் சொல்வார்கள். பெரிய பணத்துக்கும் சிறுமியின் மனத்துக்கும் பகை என்று யார் சொன்னது?

அமெரிக்காவில் மெடலின் லெங்கிள் என்ற பெண் 1962இல் ‘எ ரிங்கிள் இன் டைம்’ என்ற சிறுவர் நாவலை எழுதினார். பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய நூல். அடுத்த ஆண்டு நியூபெரி பரிசு பெற்றது. அதன் கதையையும் நிலாவின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மெக் என்ற சிறுமியின் அப்பா காணாமல் போகிறார். இங்கே நிலாவின் கணவன் காணாமல் போகிறான். அங்கே வேறொரு கோளில் எல்லோரையும் ஒரே தாளத்தில் ஆட்டிவைக்கிறது ஒரு மூளை. இங்கே ஓர் ஒளிப்படிமம். இருவரும் தேடிக்கொண்டு கிளம்புகிறார்கள். மெக் கண்ணாடி போட்டவள், பல்லில் கம்பி கட்டியவள், முன்கோபக்காரி, பிடிவாதக்காரி, கணக்கில் கெட்டிக்காரி. பள்ளியில் உதவாக்கரை என்று பெயர் வாங்கியவள். அவளுடைய குறைகள்தான் அவளுக்கு ஆயுதம் என்று நாவல் சொல்கிறது. கோபத்தையும் பிடிவாதத்தையும் அன்பையும் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு அவள் அந்த மூளைக்கு முன்னால் போய் நிற்கிறாள். அவளுக்காக யோசிக்க நாய் எதுவும் பக்கத்தில் இல்லை.

இந்த நாவலை 2003இல் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார்கள். 2018இல் ஏவா டூவெர்னே என்ற கறுப்பினப் பெண் இயக்குநர் மீண்டும் எடுத்தார். மெக்காகக் கறுப்பினச் சிறுமி ஒருத்தியை நடிக்கவைத்தார். பத்துக் கோடி டாலர் பணத்தில் ஒரு கறுப்பினப் பெண் எடுத்த முதல் படம் என்று அதைச் சொன்னார்கள். படம் வசூலில் தோற்றது. விமர்சகர்களும் ஆகா என்று சொல்லவில்லை. இருக்கட்டும். எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன நாவல் திரைக்கு வரும்போது அங்கே சிறுமி பெரிதாகியிருக்கிறாள். அதே ஆண்டில் இங்கே நிலா உதவியாளர் ஆகிறாள். தழுவல் என்பது மூலத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்கிற முடிவு. அங்கே ஒரு முடிவு எடுத்தார்கள், இங்கே வேறு முடிவு எடுத்தார்கள். சந்தை மேல் பழி போட இதில் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவுக்குப் போவானேன்? சென்னைக்கே வருவோம். 1905இல் ரொக்கேயா சக்காவத் ஹுசைன் என்ற வங்கப் பெண் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். பெண்கள் ஆள்கிற நாடு. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து நேரடியாக நீரை இறக்குகின்றன, சூரிய வெப்பத்தைச் சேமித்து அதைக் கொண்டே படையெடுத்து வந்தவர்களை விரட்டுகின்றன. பெண்கள் வானத்தில் வண்டி ஓட்டுகிறார்கள். இது முதலில் அச்சானது எங்கே தெரியுமா? சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய இந்தியன் லேடீஸ் மேகசின் இதழில். பள்ளிக்கூடத்துக்கே போகாமல் வீட்டில் ஒளிந்து படித்த ஒரு முஸ்லிம் பெண் எழுதியதை, சென்னையில் ஒரு பெண் ஆசிரியர் அச்சிட்டார். 2023இல் இசபெல் எர்கேரா என்ற ஸ்பானிய இயக்குநர் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு ஓர் அசைவூட்டப் படம் எடுத்தார். ஸ்பெயினிலிருந்து ஒருத்தி வந்து தேடி எடுத்தாள். அச்சடித்த ஊர் இன்னும் அதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

நம்மிடம் அறிவியல் மரபு இல்லை, அதனால் பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் கதை ஒட்டாது என்கிற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். நான் தென்னேரிக்காரி. திரையன் ஏரி என்ற பெயரே தென்னேரி ஆயிற்று என்று சொல்லிக்கொள்கிற ஊர். நீரைத் தேக்கி, மதகு வைத்து, பங்கிட்டுக் கொடுத்த பொறியியலின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்திருக்கிறோம். காஞ்சிபுரத்தைச் சுற்றிய எங்கள் ஊர்களின் தறி வீடுகளுக்குள் வந்து பாருங்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதில் துளையிட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். அன்னமும் மயிலும் அப்படித்தான் கரையில் வந்து உட்காருகின்றன. அட்டையில் துளையிட்டு இயந்திரத்துக்குக் கட்டளை சொல்கிற இந்த முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். தறி பூ நெய்வதைப் போல அந்தப் பொறி கணக்கை நெய்யும் என்று 1843லேயே எழுதியவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண். கணிப்பொறியின் பாட்டி எங்கள் வீட்டு உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். அதன் கீழேதான் என் அம்மா தார் சுற்றினார். பட்டு நூலை இழைத்தார். கோர்வைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுத்தார். கூலி அப்பா பெயரில் வந்தது. அம்மா செய்தது “கூடமாட ஒத்தாசை”.

ஒத்தாசை. அசிஸ்டன்ட். இந்தச் சொல்லைத்தான் ‘2.0’ நிலாவின் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. சேலையில் பாதி உழைப்பைத் தந்தவளை ஒத்தாசைக்காரி என்று சொல்லிப் பழகிய சமூகம், எதிர்காலத்தைக் கற்பனை செய்யும்போதும் அதே சொல்லை இரும்பில் வார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அந்தப் பெயரைக் கேட்டு அரங்கில் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

இப்போது தறி குறைந்துவிட்டது. தென்னேரிப் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஏறுகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். உலகம் பயன்படுத்துகிற கைப்பேசிகள் அவர்கள் விரலில்தான் உருவாகின்றன. சுஜாதா தன் கற்பனை நாட்டை 2021இல் வைத்தார். உண்மையான 2021இல் என்ன நடந்தது? அந்த டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்கிற பெண்களின் விடுதியில் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில். வண்டிகள் நின்றன, பிறகு ஆலையும் நின்றது. தமிழ்நாட்டின் அறிவியல் புனைகதை நடக்கவேண்டிய இடம் அந்தச் சாலை. ஒரு பெரிய இயந்திரத்தின் முன்னால், அதைத் தங்கள் விரலால் செய்கிற பெண்கள் எழுந்து கேள்வி கேட்கிறார்கள். ஜீனோ இல்லாத நிலாக்கள். இதை யார் நாவலாக எழுதியிருக்கிறார்கள்? யார் படமாக எடுக்கப் போகிறார்கள்?

கேள்வி கேட்கிற சிறுமிக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. ஆயிஷா. இரா. நடராசன் தொண்ணூறுகளில் எழுதிய குறுநாவல். அறிவியலில் ஓயாமல் கேள்வி கேட்கிறாள், ஆசிரியர்களிடம் அடி வாங்குகிறாள், அடி வலிக்காமல் இருக்க ஒரு வழியைத் தானே சோதித்துப் பார்க்கப்போய் இறந்துவிடுகிறாள். அவளுடைய அறிவியல் ஆசிரியை சொல்வதாகக் கதை. ‘எந்திரன்’ படத்தில் சாகிற பெண்ணுக்கும் இவளுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். அங்கே செத்தவள் இயந்திரத்தின் குறையைக் காட்டுகிறாள். இங்கே செத்தவள் பிரம்பைப் பிடித்த நம்மைக் காட்டுகிறாள். ஆயிஷா அதனால் நேர்மையான கதை. ஆனாலும் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. தமிழில் அறிவியலை விரும்புகிற சிறுமி மிகவும் பேர்பெற்ற கதையில் செத்துப்போகிறாள். ஆசிரியை திருந்துவதற்கு அவள் சாக வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டு, அடி வாங்காமல், வளர்ந்து, ஒரு விண்கலத்தை ஏவிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற ஆயிஷாவை நம் பிள்ளைகள் எப்போது படிப்பார்கள்?

தமிழ்த் துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சங்கப்பாடல், காப்பியம், பக்தி, நவீனம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். சிறுவர் இலக்கியம் விருப்பப்பாடத்தின் கடைசி அலகில் ஒதுங்கும். அறிவியல் புனைகதை வெகுஜன எழுத்து என்று அதற்கும் வெளியே நிற்கும். ஆய்வுக்கு ஒரு மாணவி இந்தத் தலைப்பைக் கொண்டுவந்தால், “இதில் என்னம்மா இருக்கிறது, திருமணச் சடங்குகளை எடுத்துக்கொள்” என்று நெறியாளர் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். பெண்ணுக்குச் சடங்கு, ஆணுக்கு எந்திரம். நாம் படிக்காமல் விட்டதைத்தான் சினிமா எடுத்துக்கொண்டு போய்த் தன் இஷ்டத்துக்கு வளைத்தது. ஜீனோவையும் நிலாவையும் பற்றிப் பெண்ணிய வாசிப்புகள் எண்பதுகளிலேயே பத்து வந்திருந்தால், 2018இல் அந்தப் பெயரை அவ்வளவு சுலபமாக ஓர் உதவியாளருக்கு வைத்திருக்க முடியுமா?

ஆகவே, படங்களைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சுஜாதாவை நூலகத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் கேட்கமாட்டேன். ‘என் இனிய இயந்திரா’வைப் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும். படித்துவிட்டு, நிலா வாய்மூடி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அவள் என்ன யோசித்திருப்பாள் என்று எழுதிப் பார்க்க வேண்டும். ஆசிரியைகளாக இருக்கும் தோழிகள் இதை ஒரு வகுப்புப் பயிற்சியாகக் கொடுக்கலாம், செலவில்லை. ‘சுல்தானாவின் கனவு’ ஒவ்வொரு பெண்கள் பள்ளியின் நூலகத்திலும் தமிழில் கிடைக்க வேண்டும். அது சில பக்கங்களே உள்ள கதை, ஒரு மதிய இடைவேளையில் படித்துவிடலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘எந்திரன்’ தீக்காட்சியைப் போட்டுக்காட்டி, இங்கே யார்மேல் தப்பு என்று ஒரு கேள்வி கேட்கலாம். அவர்கள் சொல்கிற பதில் திரைக்கதை எழுதியவர்கள் சொன்னதைவிட நன்றாக இருக்கும்.

கதை எழுதுகிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. கவிதையில் உடலை எழுதினோம், ஏச்சு வாங்கினோம், எழுதி முடித்தும் விட்டோம். இயந்திரத்தை இன்னும் எழுதவில்லை. அது ஆண்களின் பொருள் என்று நாமே ஒதுங்கி நிற்கிறோம். தறியை ஓட்டியவர்கள் நாம். சர்க்யூட் பலகையைப் பொருத்துகிறவர்கள் நாம். இன்று கைப்பேசியிலும் வீட்டிலும் கூப்பிட்டால் பதில் சொல்கிற இயந்திரங்கள் பல பெண்குரலில் பேசிக்கொண்டு வருகின்றன. நல்லவள், அறிவாளி, அழகி, உதவியாளர். அந்தக் குரலைக் கேட்டு வளர்கிற சிறுமி, தன் குரலும் பதில் சொல்வதற்கு மட்டுமே என்று நினைத்துக்கொள்வதற்கு முன்னால், கேள்வி கேட்கிற ஒரு நிலாவை நாம் எழுதி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.